செங்கல் வைத்த பக்கக் கதவு

எங்கள் ஊர்த் தேவாலயம் பறங்கியர் கட்டியது. கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல்லில் சுவர், கடலைப் பார்த்த முன்வாசல், உள்ளே குதிரையேறிய புனித யாகப்பர். தெற்குச் சுவரில் ஒரு பக்கக் கதவு. எங்கள் தெருக்காரர் முன்வாசலால் போவோம். மற்றத் தெருக்காரர் பக்கக் கதவால் வந்து பின்னுக்கு நிற்பார்கள். திருநாளில் யாகப்பரைச் சுமந்து சுற்றிவரும் சொரூபக் கூட்டின் முன்தண்டு எங்கள் தோளில், பின்தண்டு அவர்கள் தோளில்.

பிரெஞ்சு நாட்டுக்கு, லா சப்பலுக்கு வந்த பிறகும் இந்த வழக்கத்தைக் கட்டிக் காத்தவன் நான். இங்கே திருநாள் நடத்தும் வாடகை மண்டபத்துக்கு ஒரே கதவு. ஆகவே முன்தண்டு எங்களுக்கு என்பது மட்டும் மிஞ்சியது. ஊரில் மற்றத் தெருவைச் சேர்ந்த ஒருவர் இங்கே ரூ பெர்தொனே வீதியில் மரக்கறிக்கடை வைத்திருக்கிறார். ஊர்க்கூட்டம் ஒன்றில் அவர் எழுந்து, "இஞ்சையும் நாங்கள் பின்னுக்கோ, மாஸ்டர்?" என்று கேட்டார்.

நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவன். "பறங்கியர் கட்டேக்கையே ரெண்டு வாசல் வைச்சுத்தான் கட்டினவங்கள். நானோ உண்டாக்கினது?" என்றேன்.

பொய். முருகைக்கல் சுவரில் அந்தக் கதவின் ஓரம் மட்டும் செங்கல். "அவங்களுக்கெண்டு பிறகு எங்கடை ஆக்கள் வெட்டின வாசல்" என்று என் தகப்பனாரே பெருமையாகக் காட்டியிருக்கிறார். கூட்டம் எனக்குக் கைதட்டியது. அவர் தன் ஆட்களோடு வெளியேறினார்.

இந்த வருடம் கூட்டைத் தூக்கத் தோள் இல்லை. என் மகன் முதுகு வலி என்று பிரெஞ்சில் சொல்லி முடித்துவிட்டான். "கடைக்காரரைக் கூப்பிடுங்கோ மாஸ்டர். நீங்கள்தானே கலைச்சனீங்கள்" என்றார் செயலாளர்.

போனேன். அவர் வெண்டிக்காய்ப் பெட்டியைக் கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆள் தேவையோ?"

"ஓம் தம்பி."

"தம்பியோ! அண்டைக்கு இந்தத் தம்பி வாயிலை வரேல்லையே. முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"முன்னுக்கு."

"உங்கடை தோள் முடிஞ்சவுடனை எங்களுக்கு முன்னுக்கு."

செங்கல்லைப் பற்றிச் சொன்னேன். கத்தி நின்றது.

"பொய் சொல்லேக்கை ஊர்ச்சனம் முழுக்க இருந்தது. உண்மைக்கு மட்டும் என்ரை கடையோ? மண்டபத்திலை சொல்லுங்கோ. இப்ப வழியை விடுங்கோ, சனம் நிக்குது."

திருநாளன்று பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். கதவை வெட்டியது பறங்கியர் அல்ல, நாங்கள்தான் என்றேன். தெரிந்துகொண்டே பொய் சொன்னேன் என்றேன். முன்வரிசை கொதித்தது.

"மாஸ்டருக்கு மூளை பிசகிப்போச்சு!"

"ஏன், உங்கடை அப்பாவும் அந்தக் கதவாலைதான் வந்தவரோ?"

யாரோ ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். மிச்சத்தை வெறுங்குரலில் கத்திச் சொன்னேன். அப்போதுதான் கடைக்காரரைக் கண்டேன். மண்டப வாசலில் கைகட்டி நின்றார்.

நான் போய்ப் பின்தண்டுக்குத் தோள் கொடுத்தேன். எங்கள் தெருவில் எவரும் அசையவில்லை. அவரைப் பார்த்தேன்.

"தூக்க வரேல்லை மாஸ்டர். நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாக்க வந்தனான்" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

இந்த வருடம் யாகப்பர் மேசையை விட்டு இறங்கவில்லை.