சாச்சாவுக்கு வந்த கோடித்துணி

எங்கள் வீட்டு ஆண்கள் பட்டு உடுத்தி நான் பார்த்ததே இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து, பட்டிலேயே பிழைத்து, பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வெள்ளைப் பருத்திச் சட்டையில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. நாங்கள் ஏழைகள், அதை வெளியே சொல்ல என்னைப் பெற்ற அத்தாவுக்கு வெட்கம் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தாவின் தம்பி, என் சாச்சா, சேலைக் கரைகளுக்கு டிசைன் போடுகிறவர். முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மயிலையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பார். அது அட்டையில் துளைகளாகி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் ஏறிக் கரையாகிவிடும். அந்தத் தறிக்காரர் ஒன்றாம் வகுப்பிலிருந்து சாச்சாவோடு படித்தவர். நான் அவரைத் தறி மாமா என்பேன். இரண்டு பேரும் திட்டிக்கொள்ளாமல் ஒரு நாள்கூட வேலை ஓடியதில்லை. மயிலுக்குக் கழுத்து நீண்டுவிட்டது என்று மாமா வந்து நிற்பார். மயில் ஒழுங்காகத்தான் இருக்கிறது, உன் கைதான் இழுக்கிறது என்பார் சாச்சா. டீ வந்ததும் இரண்டும் அடங்கிவிடும்.

ஒருநாள் சாச்சாவிடமே கேட்டுவிட்டேன், ஊருக்கெல்லாம் பட்டுக்கரை போடுகிறவர் ஏன் உடுத்துவதில்லை என்று. நபிகள் ஆண்களுக்குப் பட்டையும் தங்கத்தையும் விலக்கிவிட்டார்கள், பெண்களுக்குத் தடையில்லை என்றார். உன் பாடு யோகம்தான் என்று என் தலையில் தட்டினார். அவர் சிரிப்பதைப் பார்த்தால் அதில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் சாச்சா இறந்துபோனார். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், சாவதற்கு அவசரப்பட்டுவிட்டார். காலையில் வேலைக்கு உட்கார்ந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வெறும் உடம்பாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. முன்னறையில் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லையே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களில் மையித்தை நெடுநேரம் வைத்திருக்க மாட்டார்கள். மாலைத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். கஃபன் துணி வந்தது. வெள்ளைப் பருத்தி, மூன்று துண்டு. கரை இல்லை, தையல் இல்லை. வாழ்நாளெல்லாம் கரை போட்டவருக்கு ஒரு கோடுகூட இல்லாத துணியா என்று எனக்கு ஆறவில்லை.

தறி மாமா வந்தபோது முற்றத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு வெள்ளைப் பட்டு வேட்டி கொண்டுவந்திருந்தார். அதன் ஒரு முனையில் நூல்கள் பிசிறு பிசிறாகத் தொங்கின. யாரோ ஒரு மாப்பிள்ளைக்காக நெய்துகொண்டிருந்ததைப் பாதியிலேயே அறுத்து எடுத்து வந்திருக்கிறார். மாமா இந்து, அவர்கள் வழக்கத்தில் இறந்தவர்மேல் புதுத்துணி போர்த்துவதைக் கோடி போடுவது என்பார்கள். அது நெருங்கிய உறவுக்காரர்கள் செய்வது. கோடியோடு வாசலில் நிற்கிறவர், நானும் இந்த வீட்டு மனிதன் என்று எல்லாருக்கும் தெரியும்படி சொல்லித்தான் நிற்கிறார்.

எல்லாரும் அத்தாவைப் பார்த்தார்கள். அத்தா மார்க்க விஷயத்தில் கறார். பாங்கு சொல்லும்போது டிவி ஓடினால் வயரையே பிடுங்கிவிடுகிறவர். அவர் எழுந்து மாமாவின் அருகில் போனார்.

"இத நான் வாங்க முடியாதுபா. எங்க ஆம்பளைங்களுக்குப் பட்டு ஆகாது. போன பின்னாடியும் ஆகாது."

"தெரியும்ணா," என்றார் மாமா. "இத்தினி வருசமா அவன்கூடவே இருந்துக்கினு தெரியாதா? கோடி எடுக்கணும்னு தோணிச்சு, கை நேரா தறிக்குப் போயிடுச்சு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். துணியை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போர்த்தவும் முடியாது, திரும்ப எடுத்துப் போகவும் முடியாது. இறந்தவருக்கென்று கொண்டுவந்த கோடியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோவதில்லை. எனக்கு அத்தாமேல் அடக்கமாட்டாத கோபம் வந்தது. நாலு பேர் நடுவில் அழுகிற மனிதரை இப்படியா நிறுத்திவைப்பது? ஒரு துணியைப் போர்த்தினால் அல்லாஹ்வுக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்த பயத்தில் வாய்க்குள்ளேயே தவ்பா சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அத்தா அவர் தோளில் கையை வைத்து, நின்ற இடத்திலேயே ஒரு கதை சொன்னார். கதை என்று நான்தான் சொல்கிறேன், அத்தா கேட்டால் சரித்திரம் என்று திருத்துவார். மக்காவில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை இருந்தார். அவரைப்போல் உடுத்தத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே இல்லை. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய அத்தர் வாசம் வரும். இறைவன் ஒருவனே, அவன் முன்னால் எஜமானும் அடிமையும் ஒன்றே என்று நபிகள் சொல்லத் தொடங்கிய காலம். நம்பியவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் ஒளிந்து ஒளிந்துதான் கூடினார்கள். அந்தப் பிள்ளையும் அவர்களோடு சேர்ந்தார். பெற்ற தாயே அவரைக் கட்டிப்போட்டாள். தப்பித்து, கடல் தாண்டி அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்து திரும்பியபோது உடம்பில் இருந்தது ஒட்டுப்போட்ட துணி. நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்வதற்கு முன்பே அங்கே குர்ஆன் ஓதிக்காட்ட அவரைத்தான் அனுப்பினார்கள். விரட்ட வந்தவரிடம்கூட, கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள், பிடிக்காவிட்டால் நான் போய்விடுகிறேன் என்றாராம். கேட்டவர்கள் அவரைப் போகவிடவில்லை. இப்படி வீடு வீடாகத்தான் அந்த ஊரில் இஸ்லாம் பரவியது. பின்னால் உஹுத் போரில் கொடியைப் பிடித்தபடி இறந்தார். போர்த்துவதற்கு இருந்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது.

"அவருக்கே அவ்ளோதான்பா கெடச்சுது," என்றார் அத்தா. "என் தம்பிக்கு மூணு துணி முழுசா இருக்குது."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலுக்கு இன்னாண்ணா பண்ணாங்க?" என்று கேட்டார்.

"தலைய மூடிட்டு, காலு மேல புல்லப் போடச் சொன்னாங்க நபி."

மாமா தலையை ஆட்டினார். அப்போது அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். யாரையும் கேட்காமல் அவர் கையிலிருந்த வேட்டியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்களுக்குத்தான் பட்டு ஆகுமே. அது இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. கை காலியானதும் மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். மனசு விட்டுப்போச்சு, இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சாச்சாவைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். தூக்கப் போகிற நேரத்தில் தறி மாமா திரும்பி வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். கையில் ஒரு கட்டு அருகம்புல். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும் இடத்தோரம் மழைக்குத் தழைத்திருந்ததைப் பறித்து, மண் போக அலசிக் கொண்டுவந்திருந்தார். மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் பட்டு நூல் துணுக்குகள் கிடக்கும். மிக்சர் பொட்டலத்தைக்கூட அதில்தான் கட்டித் தருவார். அன்று அந்தப் புல்லை வாழைநாரில் கட்டியிருந்தார்.

அத்தா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கஃபன் கால் விரல்களுக்குக் கீழும் நீண்டு, முடிச்சுப் போட மிச்சமும் இருந்தது. புல்லுக்கு அங்கே வேலையே இல்லை. அவ்வளவு அழகான பட்டை வேண்டாம் என்றவர், தெருவோரத்துப் புல்லை ஏன் வாங்கவேண்டும்? மாமா சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து மற்றவர்களோடு போனார். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம்.

கபருஸ்தானில் அந்தப் புல்லுக்கட்டை மாமாவிடமே திருப்பிக் கொடுத்து, கால்மாட்டில் அவர் கையாலேயே வைக்கச் சொன்னதாக அத்தா வந்து அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போதுதான் தம்பிக்காக வாய்விட்டு அழுதார். அத்தா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து மதரஸாவில் ஹஜ்ரத் ஒரு கேள்வி கேட்டார், ஒருவர் இறந்துவிட்டால் உயிரோடு இருப்பவர்கள் செய்யவேண்டிய கடமைகள் எவை என்று. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, உடனே எழுந்துவிட்டேன். குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழவைப்பது, அடக்குவது என்று வரிசையாகச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், அவருடைய சிநேகிதர் கால்மாட்டில் புல் வைப்பது என்றும் சொன்னேன்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஓதும்போது ஒரு எழுத்து பிசகினாலும் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிற ஹஜ்ரத் அவர். சாச்சாவுக்குத் தொழவைத்தவரும், கபருக்குக் கூடவே போனவரும் அவர்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரும்மா," என்றார்.

கடமை நான்கே நான்குதான் என்று பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, என் பதில் சரியாக இருந்ததால்தான் ஹஜ்ரத் திருத்தவில்லை என்று எண்ணிக்கொண்டு, சிரித்த பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.