'விசிட்' சொல்லுக்கு ஒரு உதாரணம்

முப்பது வருடமாக ஆங்கில-தமிழ் அகராதிக்குப் பொருள் எழுதுகிறேன். ஆபீசில் எனக்குப் பட்டப்பெயரே 'அகராதி'தான். பாதி என் வேலைக்காக, பாதி என் வாய்க்காக.

போன பதிப்பில் 'விசிட்' என்ற வினைச்சொல்லோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். லத்தீன் வேரைத் தேடிப் போனால், ஒருமுறை எட்டிப்பார்ப்பது அல்ல, திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது என்று இருந்தது. உதாரண வாக்கியத்தை வேறு புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது, சொந்தமாகத்தான் எழுத வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவைப் போய்ப் பார்க்கிறேன்' என்று எழுதினேன்.

அக்கா இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்த மூன்று வாரத்தில் நான்கு தடவை போன் செய்தாள். "வேலை தலைக்கு மேல கெடக்குக்கா, சும்மா நச்சரிக்காத!" என்று எரிந்து விழுந்தேன். அச்சாகி வந்த அகராதியைக்கூடத் தபாலில்தான் அனுப்பினேன். வெட்கம் கெட்டவன்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததால் தலையைக் காட்டினேன். கட்டிலருகே பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவின் மடியில் அகராதி, 'விசிட்' இருந்த பக்கத்திலேயே விரிந்து கிடந்தது.

"வாராவாரம் வர்ற தம்பி நீங்கதானா? உங்க அக்கா படிச்சுக் காட்டினாங்க. ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருக்கறதில்ல, அதான் பார்த்ததே இல்ல."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"இவனேதான். ஒரு வாரம் தவற மாட்டான்."