வீதியில் இல்லாத குழாய்

ஓரிக்கை முனிசாமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மனசுக்கு முன்னால் மூக்குக்குத்தான் நினைவு வருகிறது. இரங்கூனுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தச் சாக்கடை வாடை என்னை விடவில்லை. எழுதினால் ஊரில் யாருக்காவது மனம் நோகுமோ என்று கவலையாகவும் இருக்கிறது. நோகட்டும்.

முனிசாமி பக்கத்து ஊரான ஓரிக்கையில் மண் வெட்டியே வளர்ந்தவர். பாலாற்று மணலில் வெட்டும் ஊற்றுக் கால்வாய்களில் மணல் வாரும் வேலை பத்து வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. மண்ணுக்குள் கையை விட்டு, குளிர்ச்சியை வைத்தே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். ஆற்றில் ஊற்று வற்றிய வருஷங்களில் அந்தக் கைக்கு வேலை இருக்காது. அதனால்தான், சின்னக் காஞ்சிபுரத்துக்கு மின்சாரம் வந்தபோது கம்பெனிக்குப் பள்ளம் தோண்ட வந்தார்.

மற்ற தெருக்களில் கம்பம் நட்டுக் கம்பியை மேலே இழுத்துவிட்டார்கள். தேர் ஓடும் எங்கள் வீதியில் அது முடியாது. தேரின் உச்சி கம்பியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கோபுர வாசல் விளக்குகளுக்கு மண்ணுக்கடியில் கம்பி போட வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டு வரிசையை ஒட்டி, சாக்கடைக்குப் பக்கத்திலேயே, மூன்றடி ஆழத்தில் பள்ளம். தேருக்குப் பத்து நாள்தான் இருந்தது. வேலை முடிந்ததும் இரண்டு ஆட்களைக் கம்பெனி நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும், பெயரை மேஸ்திரி ராஜவேலு எழுதிக் கொடுப்பார் என்று பேச்சு. முதல் பெயர் முனிசாமியுடையது என்று ராஜவேலுவே சொல்லியிருந்தார்.

சாக்கடை கசிந்து பள்ளத்தில் முழங்கால் அளவு கறுப்புச் சேறு. ஆள் உள்ளே நிற்பது தெரிந்தும் வீட்டுக்காரர்கள் பழைய இடத்திலேயே கழுநீரைக் கொட்டினார்கள். இலைத் துணுக்கு, சோற்றுப் பருக்கை, தலைமயிர்ச் சுருள் எல்லாம் அவர் காலைச் சுற்றி மிதந்தன. முனிசாமி ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பார். கொட்டியவர்கள் பார்க்கமாட்டார்கள்.

சடகோபன் வீட்டுக்கு எதிரே கடப்பாரை எதிலோ இடித்தது. முனிசாமி அதை எடுத்து மேலே வைத்துவிட்டுத் தோள்வரை சேற்றில் கையை விட்டுத் துழாவினார்.

"மேஸ்திரி, சின்னக் குழாய் ஒண்ணு குறுக்கால போவுது."

ராஜவேலு தண்ணீர்க் குழாய்ப் படத்தை விரித்தார். "பெரிய குழாய் நடு வீதியில இருக்குது. இந்த வூட்டுக்குக் கிளையே இல்லியே. ஏதோ பழைய இரும்புயா. அட்ச்சி எடு."

"சில்லுனு இருக்குது. உள்ள தண்ணி ஓடிக்கினு இருக்குதுபா."

படத்தில் அந்த வீட்டுக்குக் கிளை இல்லாததற்குக் காரணம் இருந்தது. குழாயில் தோல் வாஷர் இருக்கிறது, அந்த ஜலம் மடிக்கு ஆகாது என்று வீதிக்கே சொல்லி, பல வீடுகளைக் குழாய் வாங்கவிடாமல் தடுத்தவரே சடகோபன்தான்.

அவர் வாசலுக்கு வந்தார்.

"சாமி, இது உங்க வூட்டுக் குழாயா? சொல்லிட்டீங்கன்னா ஒதுக்கிக்கினு தோண்டிடுறேன்" என்றார் முனிசாமி, மெதுவான குரலில்.

"என்னடா சொன்னே? எங்க ஆத்துக்குத் தோல் ஜலமா? அபசாரம்! இன்னொரு தரம் சொல்லு பார்ப்போம்!" வீதி முழுக்கக் கேட்டது.

"கேட்டுக்கினியா? அடி" என்றார் ராஜவேலு.

"நான் அடிக்கமாட்டேன்."

"தேர் உனக்காவ நிக்குமாயா? பேரு வேணுமா, வேணாமா?"

"வேணும் மேஸ்திரி. அதுக்காவ ஓடுற தண்ணிய ஒடைக்கச் சொல்றியே. நீயே அடி." கடப்பாரையை நீட்டினார்.

ராஜவேலு வாங்கி ஓங்கி ஒரு அடி அடித்தார். தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையெல்லாம் கறுப்பாக்கியது. பள்ளம் மளமளவென்று நிரம்பியது. அதே சமயம் சடகோபன் வீட்டுப் பின்கட்டிலிருந்து அவர் மனைவி அம்ருதவல்லியின் குரல்:

"ஏன்னா! குழாய்ல ஜலம் நின்னுடுத்தே!"

வீதியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் காது கேட்காததுபோல் இருந்தது. சடகோபன் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

தண்ணீர் இலாகா அதிகாரி சைக்கிளில் வந்தபோது பள்ளத்து ஓரம் சரிந்துகொண்டிருந்தது.

"யார் உடைச்சது?"

"இந்த ஆளுதாங்க. சொல்லச் சொல்லக் கேக்காம அட்ச்சிட்டான்" என்றார் ராஜவேலு.

முனிசாமி அவரைப் பார்த்தார். பிறகு சடகோபனைப் பார்த்தார். "சாமி, நீங்க எதிர்லயே நின்னுக்கினு இருந்தீங்களே."

ராஜவேலு அடித்தார் என்று சடகோபன் சொன்னால், குழாய் தன்னுடையதில்லை என்று அவர் சொன்னதை ராஜவேலு இழுப்பார்; அடுத்த கேள்வி குழாய் யாருடையது என்று வரும்.

"நான் பாராயணத்துல இருந்தேன். தெருப் பக்கமே பார்க்கலை" என்றார்.

எதிர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த நானும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி, 'பழைய குழாய், கூலியாளின் அஜாக்கிரதை' என்று எழுதிக்கொண்டார். ராஜவேலு தன் காகிதத்தை எடுத்து முதல் பெயரை அடித்தார்.

முனிசாமி மேலே ஏறி வந்தார். தோள்வரை சேறு வழிந்தது.

"கை நாறுது சாமி. ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க. தோல் தண்ணி வேணாம், கெணத்துத் தண்ணியே ஊத்துங்க."

சடகோபன் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

முனிசாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவாமலே ஓரிக்கைப் பக்கம் நடந்தார். அவர் போகிற வழியில் வாசலுக்கு வாசல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.