விற்ற கடைக்கு எதிரே இன்னொரு கடை

முடிவெட்டும் தொழிலில் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போனதை மறைக்கவே முடியாது. தலையே காட்டிக் கொடுத்துவிடும். சொந்தக் கடை வைத்து வயிறெரிந்த எல்லாருக்கும் நான் சொல்வது புரியும்.

முட்டிவலி

பாயான் பாருவில் மணியம் அண்ணனின் கடையை நான் வாங்கியபோது, நாற்காலி கண்ணாடியோடு கடையின் பெயரையும் வாடிக்கையையும் சேர்த்துத்தான் விலை பேசினோம். என் மனைவியின் நகை முழுக்க அதற்காக அடகுக்குப் போனது. மூன்று வருஷத்துக்கு இந்த வட்டாரத்தில் இதே தொழில் செய்ய மாட்டேன் என்று அண்ணன் கையெழுத்தும் போட்டார். சாவியைக் கொடுத்தபோது முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதை வச்சிக்கிட்டு இனி நிக்க முடியாது தம்பி. புக்கிட் மெர்தாஜாம்ல மக வீட்டோட போயி இருந்துக்குவேன்லா."

எதிர் வரிசை

அந்த வருஷமே தீபாவளி நெருங்கும் நேரம், எதிர் வரிசையில் புதுப் பலகை ஏறியது. பலகையில் அவர் மனைவியின் பெயர். உள்ளே கத்தரியோடு நின்றது அண்ணன். பிடித்த கத்தியோடு ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். பாதி ஷேவிங்கில் இருந்தவர் பயந்துபோய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவரை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் நியாயம் கேட்டேன். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "கடை உங்க அண்ணியோடது தம்பி. நான் சும்மா ஒத்தாசைக்கு வந்தேன்."

தொப்பி

அப்புறம் பழைய முகமெல்லாம் என் வாசலைக் குனிந்தபடியே கடந்தன. ஃபேக்டரியில் வேலை செய்யும் குமார், மழை நாளில் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்து டீக்கடையில் தே தாரிக் குடித்தான். காற்றில் தொப்பி பறந்தது. காதோரம் அண்ணனின் கைவேலை பளிச்சென்று தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இப்பல்லாம் முடி வளரவே மாட்டேங்குது அண்ணே."

சாட்சி

வேறு வழியில்லாமல் வழக்குப் போட்டேன். எனக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் என் வாடிக்கையாளராக இருந்து எதிர்க் கடைக்குப் போன கதிரேசன் சார். ஏன் கடை மாறினீர்கள் என்று அண்ணனின் லாயர் கேட்டார். சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பழையவர் திரும்பி வந்துவிட்டார், இந்தத் தம்பியைவிட அவர்தான் நன்றாக வெட்டுவார் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் லாயர் மட்டும் சந்தோஷமாக என் காதருகே குனிந்தார்: "இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அவராலதான் வாடிக்கை போச்சுன்னு ஆயிடுச்சு. மனசுல வச்சிக்காதீங்க."

தீர்ப்பு

பலகையில் யார் பெயர் இருந்தாலும் வாக்கை மீறியது மீறியதுதான் என்றார் நீதிபதி. எதிர்க் கடையை மூட வேண்டும். எனக்கு நஷ்டஈடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும். அந்தச் செலவுத்தொகை லாயர் கட்டணத்தில் பாதிக்குக்கூட வரவில்லை.

நகையை எப்படி மீட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். கையில் காசு இல்லை, ஒரு பையில் சீப்பும் கத்தரியும்தான். திட்டத்தான் வாயெடுத்தேன், ஆளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவரே பேசினார்: "உனக்கு எதிரா வெட்டக் கூடாதுன்னுதானே தீர்ப்பு தம்பி? உன் கடையிலேயே வெட்டறேன். நஷ்டஈட்டை என் சம்பளத்துல அப்படியே கழிச்சிக்க."

ஆக, அண்ணனை எதிர்க் கடையிலிருந்து கிளப்ப நான் பட்ட பாடெல்லாம், அவர் நாற்காலிக்கு ஆள் வரிசையில் நிற்க, என் நாற்காலியில் நானே உட்கார்ந்து பேப்பர் படிப்பதில் வந்து முடிந்திருக்கிறது.