பூச்சி பார்க்கப் போன லீவு

இந்த வருஷ லீவுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. ஜப்பானுக்குப் போனேன், மின்மினிப்பூச்சி பார்க்க. இதைச் சொன்னதும் துபாய் கராமாவில் எங்கள் அறையின் பக்கத்துக் கட்டில்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏன்டி, நம்ம ரூம்ல இருக்கிற மூட்டைப்பூச்சி உனக்குப் பத்தலையா?" என்றாள். சிரிக்கட்டும்.

ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, வழக்கம்போல அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்தான். என் லீவே அப்படித்தான். யாருக்காவது வளைகாப்பு, யாருக்காவது கல்யாணம். அட்டைப்பெட்டியில் பாதாமும் தைலமும் சோப்பும் அடைத்து, கயிறு கட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதிக்கொண்டு போய் இறங்குவேன். பந்தி பரிமாறியே லீவு தீர்ந்துவிடும். திரும்பி வந்தால் கட்டட சைட்டில் சேஃப்டி டியூட்டி. எனக்கென்று ஒரே ஒரு லீவு கேட்டால் அது குற்றமா?

"அக்கா, நீ இல்லாம எப்படிக்கா பால் காய்ச்சுறது?" என்றான்.

"அடுப்புலதான்டா" என்றேன்.

ஜப்பானில் நான் போனது ஒரு வயல்காட்டு ஊர். நடுவே சின்ன ஆறு. பொழுது சாய்ந்ததும் கரையில் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். ஒருவர் கையிலும் டார்ச் இல்லை. வெளிச்சம் பட்டால் பூச்சிகள் மின்னாதாம். குளிருக்கு நான் போட்டிருந்தது கம்பெனி ஜாக்கெட். கல்ஃபில் இருக்கிறவளிடம் வேறு எந்த ஜாக்கெட் இருக்கும்? பின்னால் ஒரு கார் திரும்பியதும், அதன் வெளிச்சத்தில் ஜாக்கெட்டின் சேஃப்டி பட்டைகள் பளீரென்று மின்ன, கரையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அடக் கடவுளே! அவசரமாகக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் புல்லில் ஒன்று. பிறகு ஆற்றின் மேல் நாலைந்து. கொஞ்ச நேரத்தில் கரை நெடுகப் பச்சை வெளிச்சம், எல்லாம் சேர்ந்து எரிந்து, சேர்ந்து அணைந்தன. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அப்போது பையில் போன் வெளிச்சம் போட்டது. தம்பி. அன்றைக்குத்தான் ஊரில் பால் காய்ச்சு; விருந்து முடிந்திருக்கும், யார் யார் என்னைக் கேட்டார்கள் என்று சொல்லக் கூப்பிடுகிறான். போனை அணைத்துவிட்டேன். அவன் கூப்பிட்டு நான் எடுக்காதது அதுதான் முதல் தடவை.

துபாய் திரும்பிய பிறகு மறுபடி கூப்பிட்டான்.

"போட்டோ எங்கக்கா?"

"எடுக்கலடா."

"அப்ப என்னத்துக்கு அவ்வளவு தூரம் போன?"

"நான் பாக்கத்தான்."

அவன் முறுக்கிக்கொண்டான். வழக்கமாக இந்த இடத்தில் நான்தான் இறங்கி வருவேன், கோவமாடா என்பேன். இந்த முறை வாயே திறக்கவில்லை. கடைசியில் அவனே தொண்டையைச் செருமினான்.

"அடுத்த வருஷம் பாப்பாவுக்குக் காது குத்தணும்க்கா. உனக்கு எப்ப லீவு தோதுப்படும்? கேட்டுட்டு நாள் குறிக்கலாம்னு..."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.