மிச்சம் பிடித்த கரி

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அடுப்பு எரிந்தது அத்தை பிடித்த கரி உருண்டையில்தான். அத்தை என் அப்பாவின் அக்கா. புருஷன் செத்துப்போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் இடத்தில் சிந்திக் கிடக்கும் தூளைப் பெருக்கி, சாக்கில் கட்டி, தலையில் சுமந்து வருவாள். பத்துக் கை தூளுக்கு இரண்டு கை களிமண், கொஞ்சம் சாணி. பிசைந்து உருட்டி வெயிலில் காயவைப்பாள். தெருக்கோடி இட்லிக்கடைக்குப் போவது அவளுடைய உருண்டைதான். அந்த வரும்படியில்தான் எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுவாள்.

அம்மாவுக்கு அத்தையை ஆகாது. அம்மா கெட்டவள் இல்லை. அந்த ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர் கால் நீட்டிப் படுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“கரி வர்ற வரைக்கும் இங்க கீது. அது நின்னுபூட்டா, புளியந்தோப்புல அதோட கொயுந்தன் வூட்டுக்குத்தான் அனுப்பணும்.”

புளியந்தோப்புக்காரர் குடித்துவிட்டுக் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பவர். அத்தையின் நெற்றித் தழும்பு அவர் கொடுத்ததுதான்.

போதாக்குறைக்கு அதே வாரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் தீர்ந்துபோகிறவை: நிலக்கரி, மண்ணெண்ணெய். மறுபக்கம் தீராதவை: வெயில், காற்று, அலை. கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளைகள் காற்று ஏதோ தங்கள் வீட்டுச் சொத்து என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினார்கள். நான் எழுந்து, நிலக்கரி எப்போது தீரும் என்று கேட்டேன். என்றைக்காவது ஒரு நாள் என்றார் வாத்தியார். ஒன்பது வயதில் எனக்கு அது முழுப்பரீட்சைக்கு முன்னால் என்றுதான் பட்டது.

ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். அவள் சாக்கைத் தைத்துக்கொண்டே சிரித்தாள்.

“தீந்துபோவுமா? அதான் கப்பல் கப்பலா வந்துகினே கீதே, கண்ணு!”

படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்த நான்தான் அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கரிக்கப்பல் வந்தது. தூள் பெருக்கப் போகிற அவசரத்தில், உருண்டை பிடிக்கும் வேலையை அத்தை முதல் முறையாக என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாள். அவளுடைய கணக்கை நான் அப்படியே திருப்பிப் போட்டேன். இரண்டு கை தூள், பத்துக் கை களிமண். இப்படிச் செய்தால் ஒரு சாக்குத் தூள் ஐந்து சாக்குக்கு வரும்; அத்தை ஐந்து மடங்கு காலம் எங்களோடு இருப்பாள். உருண்டைகள் வெளுத்துத் தெரிந்தன. அதனால் ஈரத்தோடு ஒவ்வொன்றையும் கரித்தூளில் புரட்டி எடுத்தேன். பார்க்க அத்தை பிடித்ததைவிட அழகாக இருந்தன.

மூன்றாம் நாள் அத்தை ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னா கண்ணு, இவ்ளோ கனம் கீது? ஈரம் போவலியா?”

“போவல அத்தே” என்றேன். நான் சொன்னதை நம்பி இன்னும் ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டு, சாயங்காலம் கூடையோடு கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் இட்லிக்கடைக்காரம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் பிளந்த உருண்டை இருந்தது. தெருவே கூடிவிட்டது.

“இன்னாமே இது? மேல கரி, உள்ள மண்ணு! அடுப்பு அவிஞ்சிபோயி, வேலைக்குப் போற ஜனம் வெறும் வயித்தோட போவுது. உன்ன நம்பினதுக்கு நல்லா பண்ணேமே!”

அத்தை பிளந்த உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

“நாந்தான் பண்ணேன். புத்தி கெட்டுபூட்ச்சி, உட்டுடு” என்றாள்.

உள்ளே வந்ததும் என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போய் என் விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பு போகும்வரை விடவில்லை. வலிக்கிறது என்று கத்தினேன்.

“உங்கப்பன் வர்றதுக்குள்ள சுத்தமா இருக்கணும்” என்றாள். அழுக்காக இருந்தால் அப்பா திட்டுவார் என்பதற்காகத்தான் தேய்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று ஒரே ஒரு தரம் சொன்னார். இட்லிக்கடை மட்டும் இல்லை, அந்தத் தெருவில் யாருமே அதன்பின் அத்தையிடம் உருண்டை வாங்கவில்லை. நான் வாய் திறந்திருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும், அத்தோடு போயிருக்கும். இந்த வயதிலும் அந்த இரண்டு அடியை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வாரக் கடைசியில் புளியந்தோப்புக்குப் போக அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு கை ரிக்‌ஷாவில் ஏறினாள். அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை என் கன்னத்தைத் தடவி, நன்றாகப் படிக்கச் சொன்னாள்.

ரிக்‌ஷா தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே ஓடிப்போய்ச் சாக்கைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் தூள் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரிதான் இன்னும் தீரவில்லையே, அத்தை எப்படியும் வந்துவிடுவாள் என்று, ஒரு பொட்டுத் தூள்கூடச் சிந்தாமல் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி வைத்தேன்.