சிவப்பை அழுத்தியவர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கைபேசி கிடக்கிறது. அதில் சார்ஜ் நிற்பதில்லை. திரையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் மற்ற இடமெல்லாம் வழவழப்பாக இருக்க, வலது கீழ் மூலை மட்டும் நகம் பட்டுப் பட்டு வெளுத்துக் குழிந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் சிவப்பு வட்டம் வரும். சிவப்பு என்றால் ‘இல்லை’. போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மருத்துவமனை ஸ்டோரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை.

கொல்லிமலையிலிருந்து வந்த ஓர் அக்காவின் போன் அது. திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். நாற்பதைத் தாண்டிய வயது, கணவர் இல்லை, கொஞ்சம் மிளகுக் கொடி, கொஞ்சம் மரவள்ளி, சில பலா மரங்கள். அவருடைய இதயம் தளர்ந்திருந்தது. உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் மருத்துவமனையில் நான் நர்ஸ். அவர் இரண்டாம் முறை வந்து படுத்தபோது, மலையை விட்டு இறங்கி டவுனில் தம்பி வீட்டோடு இருந்துவிடுங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். தம்பியும் ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தார். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பி ஊட்டு ஜன்னலத் தொறந்தா அடுத்த ஊட்டுச் செவுருங்க. அதப் பாத்துக்கிட்டு நூறு வருசம் இருக்கறதுக்கு, எங்க மலையில கொஞ்ச நாளு இருந்துக்கறேனுங்க.”

அந்த நேரத்தில்தான் போன் திட்டம் வந்தது. நோயாளிக்கு ஒரு கைபேசியும் எடை பார்க்கும் கருவியும் தருவார்கள். தினமும் காலையில் எடையைப் பதிய வேண்டும். பிறகு செயலி பேசும். மூச்சு முட்டாமல் தூங்கினீர்களா? நீர் மாத்திரை போட்டீர்களா? உப்பைக் குறைத்தீர்களா? ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. படிக்கத் தெரியாதவர்களும் அழுத்திவிடலாம். பதில்கள் என் கணினிக்கு வரும். இதை ஒழுங்காகச் செய்தால் மலையில் இருக்கலாம், இல்லையென்றால் தம்பி வீடுதான் என்று டாக்டர் நிபந்தனை போட்டார். அக்காவின் கொல்லையில் ஒரு பலா மரத்தடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும். காலையில் அங்கே போய் நின்று போனை உயர்த்திப் பிடிப்பார்.

மற்றவர்களுக்கெல்லாம் என் திரையில் வரிசையாகப் பச்சை. அக்காவுக்கு மட்டும் அடிக்கடி சிவப்பு. விசேஷ வீட்டில் கருவாடு சாப்பிட்டாரா, உப்புக்குச் சிவப்பு. வாரம் ஒருநாள் மாத்திரைக்குச் சிவப்பு, அதுவும் தவறாமல். எனக்குக் கோபம் வந்தது. போன் போட்டு ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஏனுங்க சிஸ்டரு, அன்னிக்கு மொளகும் பழமும் எடுத்துக்கிட்டுச் சந்தைக்குக் கீழ வாரேன். அந்த மாத்திரையப் போட்டா நிமிசத்துக்கு நிமிசம் ஒதுங்கோணும். மலைப் பாதையில எழுபது வளைவு. நடுவுல நிறுத்தச் சொன்னா பஸ்ஸ நிறுத்துவாங்களா? ஆம்பளைங்க ரோட்டோரமா நின்னுக்குவாங்க. நாங்க எங்கீங்க போறது?”

போடாவிட்டாலும் போட்டேன் என்று பச்சையை அழுத்துகிற ஆட்கள் உண்டே, நீங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பொய்ய அழுத்திப்போட்டுச் செத்தா, நான் ஏன் செத்தேன்னு உங்களுக்கே தெரியாதுங்களே கண்ணு” என்றார்.

அதன் பிறகு கொஞ்ச நாளில், என் திரையில் ஒருநாளும் சிவப்பே காட்டாத விவசாயி ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். கால்கள் தூண் போல வீங்கியிருந்தன. பையில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருந்தன. “மாத்திரை போட்டா தல சுத்துதுங்க. இல்லைன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் பச்சைய அழுத்துனேனுங்க” என்றார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாது என்று ‘ஆமாங்க’ சொல்லியே பழகியவர்கள் நாங்கள். அன்று அந்தத் திரையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே திட்டக் கூட்டம். சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளிகளிடமிருந்து போனை வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். முதலில் படித்தது அக்காவின் பெயரை. போன் போனால் மலையும் போகும். நான் எழுந்துவிட்டேன். கூட்டத்தில் நர்ஸ் எழுந்து பேசுவது எங்கள் இடத்தில் வழக்கமில்லை.

“இந்தப் பச்சையில எது நெஜம்னு உங்க யாருக்காவது தெரியுமாங்க? சிவப்பு ஒண்ணைத்தான் என்னால நம்ப முடியுது. அந்தம்மாகிட்ட இருந்து போன வாங்கறதா இருந்தா என்னையும் இந்த வேலையில இருந்து எடுத்துருங்க.”

பெரிய டாக்டர் என்னை முறைத்துவிட்டு, அக்கா எந்த நாளில் மாத்திரை போடுவதில்லை என்று கேட்டார். சந்தை நாளில் என்றேன், பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். அந்த மனிதர் மலைக்குக் காரில் போகிறவர். அன்றைக்கு மட்டும் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்றார். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா ஒரு பெண்ணை மலையிலிருந்து இறக்கப் பார்த்தோம் என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, அக்காவின் மாத்திரைக்குப் பச்சை, உப்புக்குப் பச்சை, தூக்கத்துக்குச் சிவப்பு. எடையும் ஏறியிருந்தது. டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. “அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், வண்டிய அனுப்புங்க” என்றார். ஊசி போட்டு நீர் இறக்கினோம். மூச்சு சீரானதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, மலைக்கு எந்த பஸ் என்பது.

பிறகும் சில வருடங்கள் இருந்தார், மலையிலேயே. கடைசியில் இதயம் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. இதற்கு மேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னபோது, “அப்ப நான் ஊட்டுக்குப் போறேனுங்க” என்று எழுந்தார். கடைசிக் காலையிலும் செய்தி வந்தது. மாத்திரைக்குப் பச்சை, தூக்கத்துக்குச் சிவப்பு. தம்பி போனை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

போன மாதம் செயலியின் புதிய வடிவம் வந்தது. பயிற்சி தர வந்தவர் உற்சாகமாக விளக்கினார். இனி ஒரே ஒரு பச்சை வட்டம்தான். சிவப்பு, நோயாளிகளின் மனதைச் சோர வைக்கிறதாம். அதனால் எடுத்துவிட்டார்களாம். நான் இழுப்பறையைத் திறந்து அக்காவின் போனை அவர் முன்னால் வைத்தேன். என் நோயாளிகள் யார் போனிலும் இந்தப் புது வடிவத்தை ஏற்ற விட மாட்டேன் என்றேன். மேலே சொல்ல வேண்டி வரும் மேடம் என்றார். என் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள் என்றேன்.

அவர் போனை எடுத்து, குழிந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். “இது யாருதுங்க மேடம்?”

“எங்ககிட்டப் பொய் சொல்லாத ஒரு பொம்பளையோடது. போயி அந்தச் சிவப்ப வெச்சுட்டு வாங்க.”